ஒரு கோல்பாவுக்கு எத்தனை ஆடு

டப்ளின்
9 பிப்ரவரி 1937

அன்புள்ள அக்கா நாப்லாவுக்கு,

நலம். உன் நலத்தையும் நம் பசு வெண்முதுகியின் நலத்தையும் அறிய ஆவல். தேயிலைப் பொட்டலம் ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் ஐரிஷ் மொழி அகராதி ஒருவழியாக 'சி' (C) எழுத்துக்கு வந்துவிட்டது. நேற்று 'கோல்பா' என்ற சொல் என் மேசைக்கு வந்தது. பதினோரு பேர் உட்காரும் இந்த அறையில் மலையில் மாடு மேய்த்த வீட்டில் பிறந்தவன் நான் ஒருவன்தான். அதனால் ஆசிரியர் அதை என்னிடமே தந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

'ஒரு முழு மாடு மேய்வதற்கு வேண்டிய அளவு' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் யோசித்துப் பார். மற்றவர்கள் நிலத்தைக் கயிற்றாலும் சங்கிலியாலும் அளக்கிறார்கள், நம் ஆட்கள் மலையை மாட்டால் அளந்திருக்கிறார்கள். மலை எத்தனை ஏக்கர் என்று நம் அப்பாவுக்கு அவர் சாகும்வரை தெரியாது. எத்தனை கோல்பா என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

குதிரைக்கு எத்தனை கோல்பா, அது ஏன்? பெருவாத்துகளுக்குக் கணக்கு உண்டா? கன்றை எந்த வயதிலிருந்து எண்ணுவீர்கள்? ஆடு எத்தனை சேர்ந்தால் ஒரு கோல்பா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாராவது ஏதாவது சொல்வதுண்டா? சீக்கிரம் எழுது. மார்ச் மாதப் பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு சிறு குறிப்பும் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

உன் அன்புத் தம்பி,
கோல்மன்

---

டெர்ரிகீல், மாயோ
20 பிப்ரவரி 1937

அன்புள்ள தம்பி கோல்மனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேயிலையும் வந்தது. பொட்டலம் கிழிந்து கால்வாசி தபால்காரர் டாமியின் பையில் கொட்டிவிட்டது. ஊர்க் கடிதமெல்லாம் இந்த வாரம் தேயிலை மணக்கிறது.

மாட்டின் நலத்தைக் கேட்டாய், சந்தோஷம். கூரையின் நலத்தைக் கேட்கவில்லை. பின்னறைக் கூரை ஒழுகுகிறது என்று நவம்பரில் ஒரு கடிதம், கிறிஸ்துமஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு நீ ரயிலேறி ஆறு வருஷம் ஆகிறது. மலையில் நம் வீட்டு மேய்ச்சல் பங்கு உன் பெயரில், பாடு என் பெயரில். பின்னறையில் மூன்று வாளி வைத்திருக்கிறேன். அவை எத்தனை கோல்பா என்று நீ பெரியவர்களைக் கேட்டுச் சொல்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். பசு ஒன்று. நம் குதிரை கறுப்பி இரண்டு, ஏனென்றால் மாட்டுக்கு முன்பல் கீழே மட்டும்தான், குதிரைக்கு மேலேயும் கீழேயும் உண்டு, வேரோடு கடித்துவிடும். இது உனக்குத் தெரியாமல் போனது எனக்கு வெட்கமாக இருக்கிறது. பெருவாத்தை எந்த மடையனாவது மலைக்கு ஓட்டிக்கொண்டு போவானா? பால்குடிக் கன்றை எண்ணுவதில்லை. அது தாயின் கணக்கு, தாயோடு சும்மா மலையேறும். பால் மறந்த பிறகு வருகிற மே மாதத்தில் அரை, முழுதாக வளர்ந்ததும் ஒன்று.

ஆட்டுக் கணக்கை என்னிடம் கேட்கிறாயே, அப்பா சொன்னது உனக்குத் தெரியாதா? அப்பா சொன்னதையே எழுதிக்கொள். எனக்குப் பால் கறக்க நேரமாகிறது.

அடுத்த வருஷம் இந்நேரமும் நாம் உயிரோடிருப்போமாக.

உன் அக்கா,
நாப்லா

---

டப்ளின்
13 மார்ச் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

பல் விஷயம் அருமை! ஆசிரியர் எழுந்து நின்றே படித்தார். குறிப்பு அச்சாகிவிட்டது, பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினாறாம் பக்கம் பார். நீ சொன்னபடி அப்பா சொன்ன கணக்கையே போட்டேன். அவர் தோளில் நான் உட்கார்ந்திருக்க, மலைவாசலில் ஆடுகளை எண்ணிக்கொண்டே சொல்வாரே, 'பசு ஒன்று, ஆடு ஆறு' என்று. அதை எழுதும்போது கண் கலங்கிவிட்டது.

கூரைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கிறேன்.

உன் தம்பி,
கோல்மன்

---

டெர்ரிகீல்
22 மார்ச் 1937

கோல்மனுக்கு,

நீ செய்திருக்கிற காரியத்துக்கு என்ன பெயர் என்று உன் அகராதியில் தேடிப் பார்.

நேற்று குருத்து ஞாயிறு. திருப்பலி முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்கிறோம். பெரிய மர்ட்டியை உனக்கு நினைவிருக்கும், ஏரிக்குக் கீழ்வீட்டுக்காரர். இருபது கோல்பா அவர் கையில், அத்தனையும் ஆடு. பள்ளிக்கூட வாத்தியாரிடமிருந்து உன் பத்திரிகையை வாங்கி, பதினாறாம் பக்கத்தைக் கத்தரித்து, குருத்தோலையோடு சேர்த்துக் கையில் பிடித்திருந்தார். மலைவாசலில் நின்று எண்ணுகிற ரோடியைக் கூப்பிட்டார்.

"ரோடி, இதக் கேளு. அச்சுல வந்திருக்கு. ஒரு கோல்பாவுக்கு ஆறு ஆடு."

"நாலுதானே மர்ட்டி?"

"நாலுங்கறது உன் வாய்ல. ஆறுங்கறது அச்சுல. எது பெருசு?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அச்சடிச்சவன் நம்ம மலையக் கண்டானா?" என்றேன்.

"கண்டவன்தாம்மா. உன் தம்பிதான் எழுதியிருக்கான். உங்க வீட்டுப் பங்கு யாரு பேருல? அவன் பேருல. பங்குக்காரனே ஆறுங்கறான், நாலுன்னு சொல்ல நீ யாரு?"

ஊரே சிரித்தது. இந்த ஊரில் கோல்பாக் கணக்கை யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை, வாயிலேதான் இருந்தது. முதல்முதலாக எழுதியவன் நீ, அதையும் தப்பாக எழுதியிருக்கிறாய்.

நீ கல்லூரிக்குப் போன மறு வருஷம் விடாமல் மழை பெய்ததே, ஏரிக்கரையில் முப்பது ஆடு செத்துக் கிடந்தனவே, அந்த வருஷம் அப்பாதான் மலைவாசலில் நின்று, 'இனிமே நாலு. ஆடு புல்லத் தோலோட உரிக்குது' என்றார். ஒன்பது வீட்டுக்காரர்களும் உள்ளங்கையில் எச்சில் துப்பிக் கை கொடுத்தார்கள். பதினெட்டு வருஷமாக நாலு. அப்பா என்னிடம் கடைசியாகச் சொன்னதும் நாலு. நீ தோளில் உட்கார்ந்து கேட்டதை எழுதிவிட்டாய், பிறகு அவர் சொன்னதைக் கேட்க நீ ஊரில் இல்லை.

மர்ட்டிக்கு இதுவரை எண்பது ஆடு, இனி நூற்றிருபது. நூற்றிருபது ஆடு ஏரிக்கரைப் புல்லில் இறங்கினால் நம் மூன்று பசுவும் கறுப்பியும் எதைத் தின்னும்? நம்முடையது ஏழே கோல்பா. நான் உயிர் வாழ்வது அந்த ஏழில்தான்.

மே முதல் தேதி மாடும் ஆடும் மலையேறும்போது மலைவாசலில் எண்ணிக்கை. நீ வந்து நின்று உன் வாயால் 'நாலு' என்று ஒரு சொல் சொல். வேறொன்றும் வேண்டாம்.

நாப்லா

---

டப்ளின்
3 ஏப்ரல் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

மர்ட்டி இப்படிச் செய்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மன்னித்துவிடு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு என்பதும் முழுக்கத் தவறில்லை. அது பழைய வழக்கு, நாலு என்பது புதிய வழக்கு. அகராதிக்கு இரண்டும் தேவை. கோல்பா ஊருக்கு ஊர் மாறுகிறது. கெர்ரியில் ஒரு கணக்கு, டோனகலில் ஒரு கணக்கு.

சொல்லின் பிறப்பும் சுவையானது. நம் பழைய சட்ட ஏடுகளில் 'கோல்ப்தாக்' என்று ஒரு சொல் வருகிறது. இரண்டு மூன்று வயதுக் கிடேரி என்று அதற்குப் பொருள். அபராதத்தைக்கூட அந்தக் கிடேரியால் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், கோல்பா என்றாலே கெண்டைக்கால். அப்படியானால் கால் திரண்ட கிடேரி என்பதிலிருந்து அளவு வந்ததா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆசிரியர் அவசரப்படாதே என்கிறார். எண்ணத் தொடங்குவதற்குக் கன்றின் காலைப் பார்க்கிற வழக்கம் ஊரில் உண்டா என்று ரோடியிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

மே முதல் தேதி வர முயற்சி செய்கிறேன்.

உன் தம்பி,
கோல்மன்

---

டெர்ரிகீல்
12 ஏப்ரல் 1937

கோல்மனுக்கு,

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நீ ஒருவனே இரண்டையும் செய்துவிட்டாய்.

வீடு பற்றி எரியும்போது நெருப்பு என்ற சொல் எங்கே பிறந்தது என்று கேட்கிறாய். ரோடியிடம் கேட்டேன், கேட்காமல் விட்டால் மறுபடியும் மூன்று பக்கம் எழுதுவாயே. "கன்னு தன் கால்ல மலையேறுனா எண்ணுவோம். தாய் மடியத் தேடி நின்னா எண்ண மாட்டோம். இதுக்கு ஏடு எதுக்கும்மா?" என்றார். எழுதிக்கொள்.

உனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. ரோடி கணக்குப்படி நீ இன்னும் பால்குடி. வீட்டுக்கு ஒரு கல் எடுத்து வைத்ததில்லை, ஒரு நாள் மலையேறியதில்லை, பங்கு மட்டும் உன் பெயரில் சும்மா மேய்கிறது.

மர்ட்டி உன் துண்டுக் காகிதத்தைத் திரு இருதய ஆண்டவர் படத்தின் சட்டத்துக்குள் செருகி வைத்திருக்கிறார். போகிறவர் வருகிறவரெல்லாம் ஆண்டவரைக் கும்பிடும்போது உன்னையும் கும்பிடுகிறார்கள்.

'முயற்சி' என்ற சொல்லை எனக்கு எழுதாதே. வருகிறாயா இல்லையா, அதை எழுது.

நாப்லா

---

டப்ளின்
19 ஏப்ரல் 1937

அக்கா,

வருகிறேன். 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை ரயில், மாலை ஐந்து மணி பஸ்ஸில் நாற்சந்தியில் இறங்குவேன்.

கோல்மன்

---

டெர்ரிகீல்
3 மே 1937

கோல்மனுக்கு,

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கே நாற்சந்தியில் போய் நின்றேன். நீ வருகிறாய் என்று ரொட்டி சுட்டு, மீன் வாங்கி, பின்னறைப் படுக்கையை ஒழுகாத மூலைக்கு இழுத்துப் போட்டுவிட்டுப் போனேன். பஸ் வந்தது. இரண்டு கன்னிகாஸ்திரீகள் இறங்கினார்கள், ஒரு கூடைக் கோழிக்குஞ்சு இறங்கியது. அடுத்த பஸ்ஸுக்கும் நின்றேன். அதில் யாருமே இறங்கவில்லை.

மறுநாள் காலையில் மலைவாசலில் ஒன்பது வீட்டு மாடும் ஆடும் கூடியிருக்கையில் தபால்காரர் டாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தார். ரோடி பெயருக்கு உன் கடிதம். ரோடிக்குப் படிக்கத் தெரியாது என்பதையும் மறந்துவிட்டாய். டாமி சுவர் மேல் ஏறி நின்று படித்தார்.

நான்கு பக்கம் கோல்மன்! முதல் பக்கம் சட்ட ஏடு. இரண்டாம் பக்கம் கெண்டைக்கால். ரோடி தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டார். மூன்றாம் பக்கம் டோனகல் போனதும், "டாமி, இதுல நாலுன்னு எங்கயாவது இருக்கா பாரு" என்றார். டாமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கு. 'நாலு என்ற வழக்கும் உண்டு'ன்னு இருக்கு."

"ஆறு?"

"அதுவும் உண்டாம். 'மேலும் ஆராய வேண்டியது'ன்னு முடிச்சிருக்கான்."

"ஆராயட்டும்," என்றார் மர்ட்டி. "அவன் ஆராய்ஞ்சு முடிக்கறவரைக்கும் அச்சுல இருக்கறபடி நடக்கட்டும். ஓட்டுங்கடா!"

நூற்றிருபதும் ஏறின. மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் கம்பளி மர்ட்டியின் லாரியில்தான் சந்தைக்குப் போகிறது, அவர்களை என்ன சொல்ல? நான் 'நாலு' என்று கத்தினேன். "பங்கு உன் பேருல இருந்தா எண்ணலாம் நாப்லா," என்றார் ரோடி. அவர் கெட்டவர் இல்லை, வழக்கம் அப்படி.

எனக்கு உன் மேல் கோபம்கூட இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. நிறைய இருக்கிறது.

நாப்லா

---

டப்ளின்
10 மே 1937

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசி நேரத்தில் திருத்த வேண்டிய அச்சுப்படிகள் வந்துவிட்டன. 'சி' எழுத்து ஜூனில் அச்சுக்குப் போகிறது. விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடிதம் போதும் என்று நினைத்தேன். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

எண்ணும்போது ரோடி என்ன சொற்களைச் சொல்கிறார்? ஒன்று, இரண்டு என்றா, அல்லது ஆடுகளுக்குத் தனி எண்ணுமுறை உண்டா? தெரிந்தால் அகராதிக்குப் பெரிய உதவி.

கோல்மன்

---

டெர்ரிகீல்
31 மே 1937

கோல்மனுக்கு,

ரோடியின் எண்ணுமுறை பற்றிய உன் கேள்வியை அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது.

ஏரிக்கரைப் புல் முடிந்துவிட்டது. மே மாதம் முடிவதற்குள் புல் முடிந்ததை நான் பார்த்ததே இல்லை. வெண்முதுகி காலையில் ஒரு வாளி நிறையக் கறந்தவள், இப்போது அரை வாளி. கறுப்பியின் விலா எலும்பை நீ தூரத்திலிருந்தே எண்ணலாம், எண்ணுவது உனக்குப் பிடிக்குமே.

ஜூலைச் சந்தையில் வெண்முதுகியை விற்கப் போகிறேன். பிறகு மற்ற இரண்டையும். கறுப்பியை மர்ட்டியே கேட்கிறார். பாஸ்டனில் சித்தி மகள் இருக்கிறாள், வந்து அவளோடு இரு என்று மூன்று வருஷமாக எழுதுகிறாள். வீட்டைப் பூட்டிச் சாவியை உனக்கு அனுப்பிவிடுகிறேன். பங்கு உன் பெயரில் மலையில் பத்திரமாக இருக்கும், மேய்வதற்குத்தான் ஒன்றும் இருக்காது.

ஜூன் 26ஆம் தேதி ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கிறார்கள். மலையிலிருக்கிற எல்லா ஆடும் இறங்கும். திரும்ப ஏறும்போது வாசலில் மறுபடி எண்ணுவார்கள். இந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி எண்ணிக்கை. உன்னை வா என்று நான் கூப்பிடவில்லை. நாற்சந்தியில் இன்னொரு முறை நிற்க என் காலுக்குத் தெம்பில்லை.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பிப்ரவரியில் நீ ஒழுங்காகத்தான் கேட்டாய். நான் எரிச்சலில் 'அப்பா சொன்னதை எழுதிக்கொள்' என்றேன். நாலு என்று எழுத எனக்கு ஒரு நொடி ஆகியிருக்காது. அதை நினைத்தால் என்னையே எனக்கு அறையத் தோன்றுகிறது.

நாப்லா

---

டப்ளின்
18 ஜூன் 1937

அக்கா,

இந்தக் கடிதத்தில் கேள்வி எதுவும் இல்லை.

அச்சுப்படி வந்தது உண்மை. விடுப்பு இல்லை என்றது பொய். நான் கேட்கவே இல்லை. ரயில் நிலையம்வரை போனேன், பெட்டியோடு. அங்கே உட்கார்ந்து, மலைவாசலில் என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்தேன். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். ஊர்ச் சொல்லை விளக்கிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஊர்க்கணக்கு தெரியவில்லை என்று மர்ட்டி சொல்வார். அது உண்மையும்கூட. ரயில் போய்விட்டது. நான் திரும்பி வந்து அந்த நான்கு பக்கத்தை எழுதி, அன்றே கிளம்பிய தபாலில் போட்டேன். என்னைவிட என் கடிதத்துக்குத் துணிச்சல் இருந்தது.

பங்கை உன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். மாற்றவில்லை. இங்கே யாராவது, 'உனக்கு ஊர் எது, அங்கே என்ன இருக்கிறது' என்று கேட்டால், 'மலையில் ஏழு கோல்பா இருக்கிறது' என்று சொல்வேன். சொல்லும்போது இந்த வாடகை அறையில் எனக்கு ஒரு மலை இருந்தது. அந்த மலையை நீ தாங்கிக்கொண்டிருந்தாய் என்பதை நான் நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன் என்பதே சரி.

இத்துடன் இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்று ஜூன் மாதப் பத்திரிகை. மற்றொன்று வக்கீல் முன்னால் கையெழுத்திட்ட பத்திரம். டாமியைப் படிக்கச் சொல். இந்த முறை அவர் வாய் வலிக்காது.

இனி எனக்கு அங்கே ஒன்றும் இல்லை. வெண்முதுகியை விற்காதே அக்கா.

கோல்மன்

---

டெர்ரிகீல்
28 ஜூன் 1937

அன்புள்ள தம்பி கோல்மனுக்கு,

பெட்டியோடு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாய் என்று படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியை உதைத்தேன். கால் விரல் வீங்கியிருக்கிறது. நான் இங்கே நாற்சந்தியில், நீ அங்கே நிலையத்தில், இரண்டு மடையர்களுக்கு நடுவே ஒரு ரயில் காலியாக வந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மயிர் கத்தரித்து முடித்ததும் மர்ட்டியின் ஆடுகள்தான் முதலில் வாசலுக்கு வந்தன. நான் டாமியிடம் காகிதங்களைக் கொடுத்தேன். அவர் மறுபடியும் சுவர் மேல் ஏறினார். "எத்தனை பக்கம்?" என்று ரோடி பயந்துபோய்க் கேட்டார்.

"ரெண்டும் சேர்ந்து ஆறு வரி."

முதலில் பத்திரிகை. 'மார்ச் இதழில் ஒரு கோல்பாவுக்கு ஆறு ஆடு என்று எழுதியது தவறு. டெர்ரிகீலில் நாலு. சொன்னவர், நாப்லா, டெர்ரிகீல்.' என் பெயரை அச்சில் கேட்டதும் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பிறகு பத்திரம். 'மலையில் என் பெயரிலுள்ள ஏழு கோல்பாவும் இன்று முதல் என் அக்கா நாப்லாவுடையது. ஒரு கோல்பாவுக்கு எத்தனை ஆடு என்று அவளைக் கேளுங்கள். எனக்குத் தெரியாது.'

கடைசி வரியை டாமி இரண்டு முறை படித்தார். ரோடி சிரிக்க ஆரம்பித்தார். "தெரியாதுன்னு எழுதியிருக்கானா? வக்கீலு முன்னாடியா? இவ்வளவு படிச்சும் தெரியாதுன்னு எழுதற ஒருத்தன இப்பத்தான் பாக்கறேன்!" அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். இருபது வருஷமாக அந்த வாசல் வழியே மாடு ஓட்டியிருக்கிறேன், அன்றுதான் என்னைக் கேட்டார்.

"எத்தனைம்மா நாப்லா?"

"நாலு," என்றேன். மெதுவாகத்தான் வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. எதிர்வீட்டு விதவை மகன் உள்ளங்கையில் எச்சில் துப்பிக் கையை நீட்டினான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொரு வீடாக நீட்டினார்கள். லாரிக்குப் பயந்தவர்கள்தான். ஒருவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள் போலிருக்கிறது.

ரோடி எண்பது எண்ணிக் கதவை மூடினார். மீதி நாற்பதும் வெளியே நின்று கத்தின. "இந்த நாப்பத நான் எங்க வெக்கறது?" என்று மர்ட்டி கத்தினார்.

"படச் சட்டத்துக்குள்ள செருகி வையுங்க மர்ட்டி," என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே மார்ச் மாதத்திலிருந்து காத்திருந்தேன்.

நேற்று நல்ல தூறல். புல் மெல்ல எழும்பும், ஆகஸ்டுக்குள் சரியாகிவிடும் என்கிறார்கள். வெண்முதுகியை விற்கவில்லை. பாஸ்டனுக்கு எழுதிய கடிதத்தையும் தபாலில் போடவில்லை. கூரை மட்டும் அப்படியே ஒழுகுகிறது. ஆகஸ்டில் வைக்கோல் கிடைக்கும், ஆனால் ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் ரோடி என்னிடம் வந்தார். மலைக் கணக்கைத் தலையில் வைத்திருக்கிற மனிதர், அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டுமே. "அப்போ கோல்மன் பேர எடுத்துடவா? இனிமே அவனுக்கு இங்க ஒண்ணுமில்லையே," என்றார்.

நீயும் அதே வார்த்தைகளைத்தான் எழுதியிருந்தாய். எனக்குச் சுருக்கென்றது.

"இருக்கட்டும் ரோடி," என்றேன். "அவன் பால்குடி. என் கணக்குல வருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு கறுப்பியின் கடிவாளத்தைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரோடி சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவர் தலையாட்டினால் அது வழக்கம், அதை மாற்ற மர்ட்டியாலும் முடியாது.

ஆகையால் வா. உன்னை யாரும் எண்ண மாட்டார்கள்.

அடுத்த வருஷம் இந்நேரமும் நாம் உயிரோடிருப்போமாக.

மலையில் ஏழு கோல்பா உடைய
உன் அக்கா,
நாப்லா